தேயிலைத் தண்ணீரில் தோய்த்த வரைபடம்

மே 4, ஞாயிறு

அக்கினி நட்சத்திரம் ஆரம்பம். காலை ஏழு மணிக்கே பஸ் கம்பி சுட்டது. திருமயத்தில் இறங்கி மினி பஸ்ஸில் அக்கா ஊர்.

கொண்டுபோனவை: நோட்டு, பேனா இரண்டு, குடை, அக்கா மகள் யாழினிக்கு முறுக்கு, அவளுடைய வலிப்பு மாத்திரை ஒரு மாதத்துக்கு.

வேலை: என் நாவலுக்குக் காவல் தெய்வம் தேடுவது. ஏழு கண்மாய் நாடு (இனி ஏ.க.நா.) பன்னிரண்டு அத்தியாயம் போனில் கதை படிக்கிற ஆப்பில் போட்டாகிவிட்டது. அந்த நாட்டை மண்குதிரைகள் காவல் காக்கின்றன. வாசகி ஒருத்தி கேட்டிருக்கிறாள், குதிரை எதனால் உயிர் பெறுகிறது, அதற்கு விதி என்ன என்று. நியாயமான கேள்வி. விதியில்லாத மாயம் வெறும் புளுகு. இருக்கிற ஐயனாரை விசாரித்துவிட்டு அப்புறம் இல்லாத நாட்டைக் கட்டலாம் என்று கிளம்பினேன்.

ஐயனார் கோயில் வரிசையில் தெற்கோரக் குதிரைக்கு ஒரு காது இல்லை. ஏன் என்று மூன்று பேரிடம் கேட்டேன்.

1. அத்தான் (அக்கா வீட்டுக்காரர், கீழவீடு): "எங்க பாட்டையா அதும்மேல ஏறி ஊர்க்காவல் போனாரு. கருவமுள்ளுல மாட்டிக் காது போச்சு."

2. அம்பலம் (மேலவீட்டுப் பெரிய தலை): "அது எங்க முப்பாட்டன் குதிரை. களவாணிப் பய அருவாளை வீசுனதுல போச்சு. கீழவீட்டுக்காரன் எதாச்சும் சொல்லியிருப்பானே, என்ன சொன்னான்?"

3. வேளார் (குதிரை செய்கிறவர், கோயில் பூசையும் அவர்தான்): "சூளையில வெடிச்சிருக்கும்."

வேளாரைத்தான் நம்பத் தோன்றியது. ஆனால் அவர் என் நோட்டை ஒரு மாதிரி பார்த்தார். "ஒங்கள யாரு அனுப்புனது? மேலவீடா, கீழவீடா?" என்றார். கதை எழுதுகிறேன் என்றேன். "அப்படித்தான் சொல்வாங்க" என்று களிமண்ணை மிதிக்கப் போய்விட்டார்.

ஊரே என்னை அப்படித்தான் பார்க்கிறது. ஐந்து வருஷமாகப் புரவி எடுப்பு (மண்குதிரைகளை ஊர்வலமாகக் கோயிலுக்கு எடுத்துப்போகும் திருவிழா) இல்லை. வழக்கப்படி கண்மாயில் ஒரு பிடி மண் எடுத்துத் தாம்பாளத்தில் வைத்து வேளாரிடம் கொடுக்க வேண்டும். பிடிமண் கைக்கு வந்தால்தான் அவர் குதிரை செய்யத் தொடங்குவார். அந்தப் பிடிமண்ணைக் கொடுப்பது மேலவீடா கீழவீடா என்று பங்காளிகளுக்குள் தகராறு. இந்த நிலைமையில் ஒருத்தி நோட்டோடு வந்து பழைய கதை கேட்டால், எதிராளி வக்கீல் ஆள் என்றுதான் நினைப்பார்கள்.

மே 5, திங்கள்

லேப். காலையில் நல்ல கூட்டம். சர்க்கரை பார்க்க வந்தவர் வெறும் வயிறு என்று சத்தியம் செய்தார், சட்டையில் சட்னி.

ஒரே ரத்தத்துக்கு இரண்டு தடவை வேறு வேறு எண் வந்தால் மெஷினைச் சந்தேகப்படுவேன். ஒரே குதிரைக்கு மூன்று கதை வந்தால் யாரைச் சந்தேகப்படுவது? மூன்று பேரையும்.

மே 8, வியாழன்

லேப் அரைநாள். ஏ.க.நா. வரைபடம் இன்று முடிந்தது. ஆப்பில் அட்டைப்படமாகப் போட. கெட்டித் தாளைத் தேயிலைத் தண்ணீரில் தோய்த்து, காயவைத்து, இஸ்திரி போட்டு, ஓரங்களை ஊதுபத்தியால் கருக்கினேன். பார்க்க நூறு வயது சொல்லலாம்.

உள்ளதைச் சொன்னால் அது அக்கா ஊர்க் கண்மாய்தான். மடை, பனங்காடு, குதிரை வரிசை எல்லாம் அப்படியே. பெயர் ஒன்றும் போடவில்லை. அடியில் பழைய தோரணையில் மூன்று வரி:

இரு வீட்டார் பிணங்கில் மண் இல்லை.
மண் இல்லையேல் புரவி இல்லை.
புரவி இல்லையேல் நாட்டுக்குக் காவல் இல்லை.

என்னையே மெச்சிக்கொள்ளலாம் போல இருந்தது. அம்மா எட்டிப் பார்த்து, "எதுக்குடி நல்ல தாளைப் பாழாக்குற?" என்றாள்.

மே 11, ஞாயிறு

மறுபடி அக்கா ஊர். நல்ல புழுக்கம். வரைபடத்தை யாழினிக்குக் காட்டினேன். ஏழு கண்மாயில் எதில் மீன் உண்டு என்று கேட்டாள். எல்லாவற்றிலும் உண்டு என்றேன். எதில் முதலை என்றாள். அதை நான் யோசிக்கவில்லை.

வேளார் என்ன நினைத்தாரோ, இன்று கோயில் உள்ளறையைத் திறந்து காட்டினார். அரிவாள், கோயில் மணி, துருப்பிடித்த தகரப்பெட்டி. நாளை பௌர்ணமி பூசை, அக்காவும் நாலைந்து பெண்களும் அறையைக் கழுவிக்கொண்டிருந்தார்கள். திரும்பும்போது கண்மாய்க் கரையில் அம்பலம் வண்டியை நிறுத்தினார்.

"என்னத்தா, இங்கிட்டு அளக்குற, அங்கிட்டு அளக்குற. என்ன சங்கதி?"

"கதைக்கு, ஐயா."

"கதைக்கு எதுக்கு மடை எங்க இருக்குன்னு பாக்கணும்?"

நியாயமான கேள்விதான்.

மத்தியானம் யாழினிக்கு வலிப்பு வந்துவிட்டது. சோற்றில் கை வைத்தவள் அப்படியே சாய்ந்தாள். அக்கா பதறவில்லை. ஒருக்களித்துப் படுக்க வைத்து, வாயைத் துடைத்து, என்னைப் பார்த்து "டயம் பாரு" என்றாள். இரண்டு நிமிஷம் பத்து வினாடி. நோட்டு ஓரத்தில் குறித்தேன்.

அவள் தூங்கிய பிறகு அக்கா சொன்னது (அப்படியே எழுதுகிறேன்): "பத்து வருசம் பிள்ளை இல்லாம இருந்து நேர்ந்தேன். பிள்ளை பொறந்து மூணு வயசானா மதலை வைக்கிறேன்னு. மூணு வயசு ஆகுறதுக்குள்ள எடுப்பு நின்னுபோச்சு. நாலு வயசுல இது வந்துச்சு. நீ என்ன வேணா சொல்லு."

மதலை என்பது சின்னக் களிமண் குழந்தை. அதையும் வேளார்தான் செய்ய வேண்டும், குதிரைகளோடுதான் எடுத்துப்போக வேண்டும். தனியாக ஒன்று செய்து தரச் சொல்லி அக்கா கேட்டுப் பார்த்தாளாம். பிடிமண் இல்லாமல் கை வைக்கமாட்டேன் என்றுவிட்டார்.

டாக்டர் சொல்வதுதான் சரி என்று சொல்ல வாய் வந்தது. அவள் அதையும்தான் செய்கிறாள்.

சாயங்காலம் வீட்டுக்கு வந்து பார்த்தால் பையில் வரைபடம் இல்லை.

மே 13, செவ்வாய்

எடுத்திருக்கக்கூடியவர்கள்:

அத்தான். பை அவர் நாற்காலியில்தான் கிடந்தது. கிளம்பும்போது "எல்லாம் எடுத்துக்கிட்டியா?" என்று இரண்டு தடவை கேட்டார். அவர் ஒரு தடவை கேட்பதே அபூர்வம்.

அம்பலம். கண்மாய்க் கரையில் பைக்குள் எட்டிப் பார்த்தார்.

வேளார். உள்ளறைக்குள் போனபோது பையை வெளியே அவரிடம்தான் கொடுத்தேன். அவர் ஏன் திடீரென்று அறையைத் திறந்தார்?

மினி பஸ் கண்டக்டர். பையைத் தூக்கி முன்னால் வைத்தான். அவனுக்கு எதற்கு?

யாழினி. போனில் கேட்டேன். "நான் எடுக்கல சித்தி. முதலை போட்டீங்களா?"

அம்மாவும் உண்டு, குப்பை என்று போட்டிருக்கலாம். கேட்டேன். ஒரு நாள் முழுக்க என்னோடு பேசவில்லை.

மே 16, வெள்ளி

அத்தான் போன். அவர் என்னைக் கூப்பிட்டது அக்கா கல்யாணத்துக்குப் பிறகு இது மூன்றாவது தடவை.

வேளார் மணிக்கு எண்ணெய் போடத் தகரப்பெட்டியைத் திறந்திருக்கிறார். அடியில் ஏதோ பழைய ஏடு. ஊரே கூடிவிட்டதாம். "நீதான் பழசெல்லாம் படிக்கிறவளாச்சே. போட்டோ அனுப்புறேன், எத்தனை வருசத்து எழுத்துன்னு பாத்துச் சொல்லும்மா."

போட்டோ வந்தது. என் தேயிலைக் கறை. என் ஊதுபத்தி ஓட்டை. எனக்குச் சிரிப்பு வந்தது, லேப் என்பதால் அடக்கிக்கொண்டேன். அப்புறம் பெரிதாக்கிப் பார்த்தேன். என் மூன்று வரிக்குக் கீழே நாலாவதாக ஒரு வரி.

பிணங்கிய காலத்து மதலை நேர்ந்த தாய் மண் எடுத்துக் கொடுக்க.

அதை நான் எழுதவில்லை.

"தெரியலத்தான், பார்த்துச் சொல்றேன்" என்றேன். அது போன வாரம் என் வீட்டு அடுப்படியில் செய்தது என்று அப்போதே சொல்லியிருக்க வேண்டும். ஏன் சொல்லவில்லை? எவன் எழுதினான் என்று முதலில் தெரிய வேண்டும். என் தாளில் எனக்குத் தெரியாமல் ஒருவன் எழுதியிருக்கிறான், அந்த ஆத்திரம்தான் முன்னால் நின்றது.

மே 18, ஞாயிறு

கையெழுத்து வேட்டை. வெட்கம்தான், ஆனாலும் எழுதிவைக்கிறேன்.

அத்தானிடம் அவர் ஊர் முகவரி எழுதித் தரச் சொன்னேன். "ஏன், ஒனக்குத் தெரியாதா?" என்று கேட்டுக்கொண்டே எழுதினார். கோழி கிளறிய மாதிரி. அவர் இல்லை. அம்பலத்திடம் கதைக்கு ஆசீர்வாதமாக இரண்டு வரி கேட்டேன். கையெழுத்து மட்டும்தான் வரும் என்றார். "எதுக்கு எங்கையெழுத்து?" என்று அதையும் போடவில்லை. வேளார் பூசை நோட்டைக் காட்டினார், எல்லாம் அவர் மகள் எழுதியது, உருண்டை உருண்டையாக.

தோற்றுப்போய் அக்கா அடுப்படிக்கு வந்தேன். தண்ணீர் குடிக்கச் சொம்பை எடுத்தவள் அலமாரியைப் பார்த்தேன். டப்பா மூடிகளில் அக்கா தாள் ஒட்டி எழுதிவைத்திருக்கிறாள். மல்லி. மிளகு. மஞ்சள். அந்த 'ம'வை ஒரு வெட்டு வெட்டி, கடைசியில் மேலே சுழித்து முடிப்பாள். ஏட்டின் நாலாவது வரியிலும் அதே 'ம': மதலை.

செவ்வாய்க்கிழமைப் பட்டியலில் அம்மா பெயர்கூட இருந்தது, அக்கா பெயர் இல்லை.

"நீயாக்கா?"

வெண்டைக்காய் நறுக்கிக்கொண்டிருந்தாள். நிறுத்தவில்லை. "மெதுவாப் பேசு."

"ஏன்க்கா இப்படி?"

"நீ எழுதலாம், நான் எழுதக் கூடாதா?"

"நான் கதைன்னு சொல்லித்தானே எழுதுறேன்."

"ரெண்டு வீட்டுக்காரங்களும் அஞ்சு வருசமா சொல்லிக்கிட்டுத் திரியிறது என்னவாம்? நீயே எழுதி வச்சிருக்கியே, ஒரு காதுக்கு மூணு கதை." என் நோட்டையும் படித்திருக்கிறாள். பௌர்ணமி பூசை அன்று உள்ளறைக்குள் போனபோது பெட்டியில் வைத்தாளாம்.

மாட்டினால் என்ன ஆகும் தெரியுமா என்று கேட்டேன். அப்போதுதான் அரிவாள்மனையிலிருந்து கையை எடுத்தாள்.

"பாப்பாவுக்கு மாத்திரை ஒரு வேளை தவறவிட்டதில்ல. டாக்டரு சொன்னதெல்லாம் செஞ்சாச்சு. சாமிக்கு நான் சொன்னது ஒண்ணுதான் செய்யாமக் கெடக்கு."

எனக்கு அவள்மேல் கோபம். என்னைக் கேட்காமல் என் தாளை எடுத்தாள் என்று கோபம். நல்ல வரி எழுதியிருக்கிறாள் என்றும் கோபம். கூடவே ஒரு சந்தேகம்: மதலை நேர்ந்த தாய் என்றால் இவள்தானே. ஊர் முன்னால் தாம்பாளம் தூக்கும் ஆசையோ?

வெண்டைக்காய் நன்றாக இருந்தது. சாப்பிட்டுவிட்டுத்தான் வந்தேன்.

மே 20, செவ்வாய்

அத்தான் மறுபடி போன். இரண்டு வீட்டாருக்கும் உள்ளூர இஷ்டம்தானாம். ஐந்து வருஷ வீம்பில் எல்லோருக்கும் அலுப்பு, விட்டுக்கொடுத்ததாகவும் இருக்கக் கூடாது, காரியமும் நடக்க வேண்டும். ஏடு சொல்லிவிட்டால் யாருக்கும் தோல்வி இல்லை.

ஆனால் அம்பலம் சும்மா விடவில்லை. பெட்டியில் யாரோ இப்போது வைத்தது என்று அவருக்குச் சந்தேகம். (சரியான சந்தேகம். அவர் லேபில் இருந்திருக்கலாம்.) சித்திரையிலிருந்து உள்ளறைக்குள் போன எல்லோரும் ஞாயிற்றுக்கிழமை ஐயனார் முன்னால் சூடம் அணைத்துச் சத்தியம் செய்ய வேண்டும். பதினோரு பேர். அதில் அக்கா. அதில் நான்.

எல்லோரும் அணைத்துவிட்டால் ஏடு நல்ல ஏடு. யாராவது பின்வாங்கினால் அந்த வீட்டைக் கோயிலிலிருந்து தள்ளி வைப்பார்கள், கோயில் வரி வாங்கமாட்டார்கள், நல்லது கெட்டதுக்கு வரமாட்டார்கள். அத்தானுக்கு ஒன்றும் தெரியாது. ரொம்ப உற்சாகமாகப் பேசினார். மனசுக்குக் கஷ்டமாக இருந்தது.

அக்காவுக்குப் போன் போட்டேன். "நான்தான் விளையாட்டுக்கு வச்சேன்னு சொல்லிடுறேன். நான் வெளியூருக்காரி, என்னை என்ன பண்ணுவாங்க?"

"சொல்லு. அப்புறம் மண்ணு யாரு எடுப்பா?"

"பொய்ச் சத்தியம் பண்ணப் போறியா?"

"ஒனக்குத்தான் இதுல எல்லாம் நம்பிக்கை கெடயாதே."

எனக்குப் பாதி நம்பிக்கை என்று சொல்லவந்தேன். வைத்துவிட்டாள்.

மே 22, வியாழன்

லேபில் இரண்டு ட்யூப்புக்கு லேபிள் மாற்றி ஒட்டிவிட்டேன். நல்லவேளை, மறுபடி சரிபார்க்கும் என் பழக்கத்தால் பிடிபட்டது. பதினோரு வருஷத்தில் முதல் தடவை.

ஞாயிறு போகாமல் இருந்தால் என்ன? காய்ச்சல் என்று சொல்லலாம். போகாவிட்டால் நான்தான் வைத்தேன் என்று ஆகும். போனால் அவள் செய்வதை நின்று பார்க்க வேண்டும்.

அம்மாவுக்கு ஏதோ தெரிந்திருக்கிறது. "ரெண்டு பேரும் என்னத்தையோ மறைக்கிறீங்க" என்றாள். இட்லிக்கு மாவு புளித்துவிட்டது என்று சொல்லி நழுவினேன்.

மே 25, ஞாயிறு

மினி பஸ்ஸில் எழுதுகிறேன், எழுத்து கோணல்.

காலை ஒன்பது மணிக்குக் கோயில். முதல் தடவையாக மேலவீடும் கீழவீடும் ஒரே நிழலில். தரையில் வாழையிலை, இலை மேல் தாம்பாளம், அதில் சூடம். ஒவ்வொருவருக்கும் வேளார் புதிதாகக் கொளுத்தினார். சொல்ல வேண்டியது ஒரே வரி: "பெட்டியில் நான் வைக்கலை." சொல்லிவிட்டு உள்ளங்கையால் அடித்து அணைக்க வேண்டும்.

தொடங்குமுன் அம்பலம் சொன்னார்: "பொய்யா அணைச்சா ஐயனாரு உங்கள ஒண்ணும் செய்யமாட்டாரு. வீட்டுப் பிள்ளையத்தான் பாப்பாரு. தெரிஞ்சு அணைங்க."

அதைச் சொல்லும்போது யாரையும் குறிப்பாகப் பார்க்கவில்லை. பொதுவாகத்தான் சொன்னார்.

வேளார் முதலில். பிறகு அவர் மகள். அறை கழுவிய பெண்கள். நான் ஆறாவது. நான் வைக்கலை என்றேன், அணைத்தேன். சூடு அப்படி ஒன்றும் இல்லை. நான் சொன்னது முழுக்க உண்மை. அவ்வளவு உண்மையான ஒன்றை இத்தனை கேவலமாக நான் சொன்னதே இல்லை.

அக்கா ஒன்பதாவது. யாழினி அவள் சேலையைப் பிடித்துக்கொண்டு நின்றாள். நான் அக்கா முகத்தையே பார்த்தேன். நாக்கு குழறும், கண் என் பக்கம் திரும்பும், பிள்ளையை ஒரு தடவையாவது பார்ப்பாள் என்று எதிர்பார்த்தேன். யாழினி கையைப் பிரித்து அத்தானிடம் கொடுத்துவிட்டு, குனிந்தாள். "பெட்டியில நான் வைக்கல." ஒரே அடி. நிமிர்ந்து நெற்றி வேர்வையைப் புறங்கையால் துடைத்தாள்.

பதினோரு பேரும் அணைத்தார்கள். அம்பலம் ஏட்டை எடுத்து வேளார் கையில் கொடுத்தார். "சரி. மதலை நேந்தவக யாரு?"

நாலு பெண்கள் முன்னால் வந்தார்கள். மேலவீட்டில் இரண்டு, கீழவீட்டில் இரண்டு. ஒருத்தி அம்பலத்தின் சொந்த மருமகள், அவள் நேர்ந்திருந்தது அவருக்கே தெரியாது என்பது அவர் பார்வையில் தெரிந்தது. யார் முதல் என்று ஒரு முணுமுணுப்பு கிளம்பியது. வேளார், "எனக்கு மண்ணு வந்தாச் சரி. நாலு பேரும் எடுங்க" என்றார். அக்கா கடைசியாக எடுத்தாள். தாம்பாளத்தை அவள் தூக்கவில்லை. அம்பலத்தின் மருமகள்தான் தூக்கினாள். அக்கா அவளுக்குப் பின்னால் வெயிலில் நடந்துவந்தாள். போன ஞாயிறு நான் அவளைப் பற்றி நினைத்ததற்கு மன்னிப்பே கிடையாது.

வேளார் மண்ணை வாங்கிக் கண்ணில் ஒற்றிக்கொண்டார். ஆனியில் எடுப்பு.

பஸ்ஸுக்கு அக்கா கூட வந்தாள். யாழினி தோளில் தூக்கம். நிறுத்தத்தில் ஆள் இல்லை. அக்கா தன் உள்ளங்கையைத் திருப்பிப் பார்த்தாள், கரி இன்னும் இருந்தது. கழுவவில்லை போல.

"ஏன்டி, பொய்யாச் சத்தியம் பண்ணுனா என்ன ஆகும்னு எங்க ஊர்ல சொல்றத நீயே கேட்ட. ஒன் நாட்டுல என்ன?"

"என்ன என்னக்கா?"

"அங்க என்ன விதி வச்சிருக்க?"

அதைத்தான். அம்பலம் சொன்ன அதே விதியைத்தான் வைத்திருந்தேன். முதல் ஞாயிறு காதுக் கதை கேட்ட அதே மூன்று பேரிடமும் இதையும் கேட்டிருந்தேன், மூன்று பேரும் ஒரே மாதிரி சொன்ன ஒரே விஷயம் அது என்பதால் அப்படியே எடுத்துப் பதினாலாம் அத்தியாயத்தில் வைத்துவிட்டேன். ஒரு தாய் பொய்யாக அணைக்கிறாள், விடிவதற்குள் குழந்தை போகிறது. நான் எழுதியதிலேயே நல்ல அத்தியாயம். செவ்வாய்க்கிழமை ஆப்பில் ஏறும்.

"அங்க, பிள்ளைக்காகப் பண்ணுன சத்தியத்தைச் சாமி எடுத்துக்காதுக்கா. திருப்பிக் குடுத்துரும்."

"நெசமாவா வச்சிருக்க?"

"ஆமா. எழுதியாச்சு."

என்னைப் பார்த்தாள். லேபில் நான் ரத்தத்தைப் பார்ப்பது போல. பிறகு யாழினியைத் தோள் மாற்றிக்கொண்டு, "செவ்வாக்கெழமதானே போடுவ?" என்றாள். பஸ் வந்துவிட்டது.

திருமயம் வர இன்னும் இருபது நிமிஷம். பதினாலாம் அத்தியாயத்தில் பதினோரு பக்கத்தைக் கோடு போட்டு அடித்தாகிவிட்டது. அதற்குப் பதிலாக இன்னும் ஒரு வரியும் வரவில்லை. செவ்வாய்க்குள் எழுதியாக வேண்டும், அவள் படித்துப் பார்ப்பாள்.